ரெண்டு பொட்டியும் ஒத்தக் கதவும்

இல்ல மிஸ், அங்கயே இருங்க, சன்னல் வழியாவே பேசலாம். அந்த வாங்குல ஒக்காருங்க. நா இந்தப் பக்கம் ரொட்டிக்கு மாவு பெசஞ்சுக்கிட்டே கேக்குறேன்.

கூரையில சோலார் போட்டுத் தருவீங்க, அது வெளங்குது. பகல்ல வர்ற கரண்ட ராத்திரிக்குச் சேத்து வைக்கத் தான் பொட்டி. ஒண்ணு லித்தியம் பேட்டரி. இன்னொண்ணு, தண்ணியிலருந்து ஹைட்ரஜன் பிரிச்சு சிலிண்டர்ல அடைக்கிறது. எதுன்னு நாங்க சொல்லணும். எங்க வீட்டுக்காரரக் கேட்டா டீவி ஓடுனா போதும்பாரு. வீட்டுல கெடக்குறது நானும் புள்ளயும் தானே, அதான் தோண்டித் தோண்டிக் கேக்குறேன்.

லித்தியம் பத்துனா தண்ணி ஊத்துனாலும் லேசுல அணையாதா? அணஞ்ச பொறகும் திரும்பப் பத்துமா? எங்க மாமியா கோவம் மாதிரி தான். நீங்க தர்றது அதுல சாந்தமான சாதியா? சரி, சாந்தமானதுக்கும் ஒரு நாளு கோவம் வரும்ல. புகையும் நஞ்சுங்கிறீங்க.

ஹைட்ரஜனுக்கு வாசமே இல்லயா? சமையல் கேஸுன்னா மூக்கு சொல்லிரும். பகல்ல நெருப்பு கூட கண்ணுக்குத் தெரியாதுன்னா பேய் தானே மிஸ் அது. ஆனா லேசு, கசிஞ்சாலும் மேல போயி காத்தோட கலந்துரும்ங்கிறீங்க. வெளிய வச்சா. உள்ள வச்சா எங்க போகும்? எங்க கூரையப் பாருங்க, தகரம், அடியில பலகை. அங்க போயித் தங்கிக்கிரும். நா அடுப்புப் பத்த வைக்கிற வரைக்கும் காத்திருக்கும்.

தனி அறையில வைக்கலாமா? இருக்கிறதே ஒரு காம்பரா மிஸ். பொட்டிக்குத் தனி அறைன்னா நாங்க தான் வெளிய போகணும்.

பின்பக்கமா? இது எரட்ட லயம், ரெண்டு வரிச வீட்ட முதுகோட முதுகு ஒட்டிக் கட்டுனது. எங்க பின்சொவரு தான் பேச்சியம்மா அக்காவுக்கும் பின்சொவரு. அவங்க மொளகா வறுத்தா இங்க எம் புள்ள நிலக்ஷி தும்முவா. சொவர ஒடச்சு கதவு வச்சாலும் அவங்க அடுப்படிக்குத் தான் போகலாம். ஒடைக்கவும் தேயிலைத் தோட்டத்து ஆபீஸுல விட மாட்டாங்க.

அப்ப மிச்சம் வாசல் இஸ்தோப்பு. நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அந்த எடம் தான். ரெண்டு பொட்டியில எத வச்சாலும் கதவுக்குப் பக்கத்துல தான் வரும். அது பத்துனா நாங்க எப்படி வெளிய வர்றது? இந்தச் சன்னல் கம்பியில நிலக்ஷி தல கூட போகாது. விட்டுப் பாத்தேன்.

புகை வந்தா வெளிய ஓட எவ்வளவு நேரம் இருக்கும்? உடனே ஓடிரணுமா. ம். பகல்ல லயத்துல ஆளே இருக்காது மிஸ், எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருவாங்க. கத்துனா தேயிலைக்குத் தான் கேக்கும்.

என்னா, வெளிய வந்து எடம் காட்டணுமா? வர ஏலாதே. கதவுல ஒங்க கொடைய மாட்டியிருக்கீங்கல்ல, அத எடுங்க. அது மாட்டுற ஆணி இல்ல மிஸ், பூட்டு. சாவி அவரு கூட பொகவந்தலாவ பஜாருக்கு ஆட்டோ ஓட்டப் போயிருக்கு.

புலி வருதுன்னு பூட்டுறாரு. புலி வந்தது நெசந்தான், சிறுத்தப் புலி, லயத்து நாயத் தூக்கிட்டுப் போச்சு. அதுக்கு உள்ள கொண்டி போட்டா பத்தாதா? கொண்டி தெறக்கிற புலிய நா பாத்ததில்ல. ஹட்டன்ல தையல் வேலைக்குக் கேட்டுட்டு வந்தேன், மறுநாள்லருந்து தான் அவருக்கு புலிப் பயம் புடிச்சுக்கிச்சு.

ஐயோ, கல்லக் கீழ போடுங்க. இத ஒடச்சா நாளைக்கு இதவிடப் பெருசா வாங்கிட்டு வருவாரு.

நீங்க ஒண்ணு செய்ங்க. பொட்டி வைக்க வர்ற அன்னிக்கு, உள்ள ஆளு இருக்கையில வெளிய பூட்டக் கூடாது, அதான் சட்டம்னு அவருகிட்டச் சொல்லுங்க. அச்சடிச்சு கதவுலயும் ஒட்டுங்க, சிங்களத்துலயும் சேத்து. நா சொன்னா வாய்க்கொழுப்பும்பாரு, அச்சுல இருந்தா கேப்பாரு.

ரெண்டுல எந்தப் பொட்டிக்கு அந்தச் சட்டம் கட்டாயமோ, எங்க வீட்டுக்கு அதயே எழுதிக்கங்க மிஸ்.