ஏழாம் வளைவிலிருந்து வந்த அழைப்பு

சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போடுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அளவுக்கு மீறிப் போடுகிறார்கள், ஐயா. கண்ணிக்கு ஒரு சொட்டு, பிறகு துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். மிச்சம் நிற்கும் எண்ணெய் மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு சங்கிலியைத் தின்றுவிடும். கேட்காதவர்களிடம் இதையெல்லாம் சொல்கிற பழக்கத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். முதலிலிருந்து வருகிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பிழைப்பு வேறு. முப்பத்தொரு வருடம் குடிநீர் அலுவலகத்தின் கிடங்கில் குழாயும் வால்வும் எடுத்துக் கொடுத்தேன். கை வேலையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். பின்பக்கத்து ஷெட்டில் மூன்று மேஜைகள். ஒன்று சைக்கிளுக்கு, ஒன்று கார் சாமான்களுக்கு, மூன்றாவது வயர்லெஸ் செட்டுகளுக்கு. ஒரு மேஜையின் கருவி இன்னொரு மேஜைக்குப் போகக் கூடாது. கிரீஸ் பட்ட கையோடு யாராவது செட்டைத் தொட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். "எனக்கு மூணு சக்களத்தி, மூணும் ஒரே ஷெட்டுல" என்று மனைவி இருந்தவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கார் நாற்பது வருடப் பழசு. பழைய இரும்புக்குப் போகவிருந்ததை வாங்கி, கார்புரேட்டரிலிருந்து கதவுக் கீல் வரை பிரித்து மாட்டினேன். அதில் நான் பொருத்திய செட், கையில் பிடித்துப் பேசுகிற சின்ன செட்டுகளைவிட ஐந்து மடங்கு சக்தி உள்ளது. அது பேசினால் மற்றதெல்லாம் அமுங்கிப்போகும். பொத்தானை அழுத்தியிருக்கிறவரை எந்த செட்டும் பேசுமே தவிர, எதிர்ப்பக்கம் பேசுவது அதற்குக் கேட்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சைக்கிள் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை மலைப்பாதையில் ஏறி இறங்கும். ஒன்பது வளைவுகள், செல்போன் வேலை செய்யாது. வளைவுக்கு ஒருவர் சின்ன செட்டோடு நிற்பார். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ், அதில் ஒரு செட். மேல் வளைவுகளுக்கும் அடிவாரத்துக்கும் குறுக்கே மலை நிற்பதால், அங்கே பேசுவதை நான் வாங்கித் திருப்பிச் சொன்னால்தான் கீழே போய்ச் சேரும். ஒரு வளைவில் பேசுவது அடுத்த வளைவுக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். கடைசி சைக்கிளுக்குப் பின்னால் என் கார் வரும். முதலுதவிப் பெட்டியும் அடிபட்டவரைப் படுக்கவைக்கிற பலகையும் அதில்தான். யாருக்கு எது நடந்தாலும் முதலில் போக வேண்டியவன் நான். இருபத்திரண்டு வருடம் அப்படிப் போயிருக்கிறேன். இளவட்டங்கள் எனக்கு வைத்த பெயர் வயர்லெஸ் மாமா.

சங்கத்தின் செயலாளர் என் தங்கையின் கணவர். அச்சகம் வைத்திருந்தார். நல்லவர். ஒப்புக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்லவர். எவரிடமும் முகம் சுளிக்க மாட்டார், என்னிடம் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. எனக்குத் தாங்க முடியாமல் போனதே அதுதான். அவருடைய கார் நின்றுபோனால் ஊரின் மறுகோடியிலிருந்து மெக்கானிக்கை வரவழைப்பார். சைக்கிள் சங்கிலி அறுந்தால், என் வாசல் வழியாகவே அதைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போவார். நான் வெளியே வந்து நின்றால் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு எதுக்கு மச்சான் சிரமம்?" என்பார். முப்பது வருடமும் இதே பேச்சு.

தங்கை மட்டும் அவருக்குத் தெரியாமல் வருவாள். அவருடைய செட்டைத் துணிப்பையில் சுருட்டி எடுத்து வந்து, "சரி பண்ணிக் குடுண்ணா, கடையில குடுத்தேன்னு சொல்லிக்கிறேன்" என்பாள். நான் சரிசெய்து கொடுப்பேன். அடுத்த கூட்டத்தில் மாப்பிள்ளை அந்தக் கடைக்காரனின் கை நேர்த்தியை வாயாரப் புகழுவார். நானும் எதிரே உட்கார்ந்து தலையாட்டுவேன்.

நான் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை, ஐயா. ஒரே ஒரு தடவை, அவர் தன் வாயால், "மச்சான், கொஞ்சம் வாங்க" என்று என்னைக் கேட்க வேண்டும். இது ஒரு குற்றமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மலைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லா செட்டுகளையும் சோதித்தோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சொன்னது காதில் விழுந்தது, சரி என்பதற்கு யாரும் வாயைத் திறப்பதில்லை. பொத்தானை இரண்டு முறை தட்டுவோம், எதிர்ப்பக்கத்தில் டிக் டிக் என்று கேட்கும். சோதனை முடிகிற நேரத்தில் மாப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அடுத்த வருஷத்துலேருந்து சைக்கிளுக்கு ஒரு கருவி ஒட்டிடலாம், யாரு எங்க இருக்காங்கன்னு அதுவே காட்டும். வயர்லெஸ் வேணாம். மச்சானுக்கும் ஓய்வு கிடைச்ச மாதிரி இருக்கும், பாவம்."

வரிசையாக டிக் டிக் வந்தது. ஒன்பது செட்டும் தட்டின. அவை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தவன் நான், தட்டுகிற சத்தத்திலேயே எது யாருடையது என்று தெரிந்துவிடும். ஒன்பதாவதாக வந்தது தங்கையினுடையது. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. புருஷன் பேச்சுக்குத் தட்டாமல் எப்படி இருப்பாள்?

மாப்பிள்ளையின் சைக்கிள் பிரேக்கை நான் ஏதாவது செய்தேனா என்று நேற்று கேட்டீர்கள். ராத்திரி முழுக்க அது என்னை அறுத்தது. ஒரு வண்டியைக் கெடுத்து அனுப்புகிற கை இல்லை இது. அதை மட்டும் எந்தத் தாளிலும் எழுதிவிடாதீர்கள். நடந்தது வேறு. அன்று காலை அடிவாரத்தில் எல்லாருடைய சைக்கிளையும் வழக்கம்போல் பார்த்துக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளை, "என்னோடதை நானே பாத்துட்டேன் மச்சான்" என்று சொல்லிவிட்டார். ஆனால் கண் சும்மா இருக்குமா? முன்பிரேக்கின் கம்பி, பிடிக்குள் நுழைகிற இடத்தில் இழை இழையாகப் பிரிந்திருந்தது. ஐந்து நிமிட வேலை. புதுக் கம்பி என் பையில் இருந்தது.

சொல்லவில்லை. பார்த்துவிட்டதாகச் சொல்கிற மனிதரிடம் நான் என்னத்தைச் சொல்வது?

ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை. எல்லோரும் உச்சிக்கு வந்து சேர்ந்து, இறங்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை செயலாளர் என்பதால் கடைசி ஆளாக இறங்கினார். அவர் பின்னாலேயே நான் புறப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் போகட்டும் என்று காரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழாம் வளைவில் நின்றது என் தங்கை. உச்சியிலிருந்து காரில் நான்கு நிமிடம்.

காலை ஒன்பது ஐந்துக்கு அவள் குரல் வந்தது. தெளிவாகவே வந்தது. "ஏழாவது வளைவு. அண்ணா, இவரு விழுந்துட்டாரு. தொடையில கம்பி குத்திக் கிழிச்சிருக்கு, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. சீக்கிரம் வா."

அதன் பிறகு பன்னிரண்டு நிமிடம் அந்த அலைவரிசையில் யாராலும் பேச முடியவில்லை. என் கார் செட் பேசுகிற நிலையிலேயே கிடந்தது. கருவிப் பை சரிந்து மைக்கின் மேல் விழுந்து பொத்தான் அமுங்கிக்கொண்டது, அழைப்பு எதுவும் என் காதில் விழவில்லை என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். நம்பாமல் என்ன, பொத்தான்மேல் உட்கார்ந்துவிடுவது வயர்லெஸ்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற முட்டாள்தனம். அன்றும் அடிவாரத்தில், "மாமா உக்காந்துட்டாரு, இனி எழுந்திருக்கும்போதுதான் நமக்குப் பேச்சு" என்று சிரித்திருக்கிறார்கள். ஆறாம் வளைவில் நின்ற எலெக்ட்ரீஷியன்தான் அரைகுறையாக ஏதோ காதில் விழுந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேலே போனார். அவர் பார்த்துவிட்டு, திரும்ப இறங்கி, ஆம்புலன்ஸைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் அவர்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து தங்கை என் ஷெட்டுக்கு வந்தாள். மூன்று மேஜைக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என் கையைப் பிடித்தாள். "நீ மனசப் போட்டு வருத்திக்காதண்ணா. பை விழுந்ததுக்கு நீ என்ன செய்வ? நான் இன்னும் சத்தமா கத்தியிருக்கணும், என் தப்புதான்." அவருடைய சைக்கிளையும் கொண்டு வந்திருந்தாள். பார்க்கவே முடியவில்லை, நீயே வைத்துக்கொள் என்றாள். நெளிந்த சக்கரத்தை நிமிர்த்தி, பிரேக்குக்குப் புதுக் கம்பி மாட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். இப்போது ஓட்டிப் பாருங்கள், தொட்டால் நிற்கும்.

இத்தனை பேர் விசாரித்தார்கள். எல்லோரும் பையைப் பற்றிக் கேட்டார்கள், மைக் எங்கே கிடந்தது என்று கேட்டார்கள். நீங்கள் ஒருவர்தான், இந்த செட் ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் பேசும் என்று கேட்டீர்கள். கேட்டதும் எனக்கு உங்கள்மேல் ஒரு மதிப்பு வந்தது. வேறு எதில் வேண்டுமானாலும் நான் புளுகியிருப்பேன், செட்டைப் பற்றிப் புளுக எனக்கு வாய் வரவில்லை. மூன்று நிமிடம். அதற்குமேல் பொத்தானை அழுத்தியே வைத்திருந்தாலும் செட் தானாக வாயை மூடிக்கொள்ளும். கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால்தான் உயிர் வரும். பை விழுந்து அமுங்கியிருந்தால் மூன்று நிமிடத்தில் அலைவரிசை திறந்திருக்கும், தங்கையின் குரல் எனக்குக் கேட்டிருக்கும், நானும் போயிருப்பேன். பைக்கு எடுத்து எடுத்து அழுத்தத் தெரியாது.

நான்கு முறை அழுத்தினேன், ஐயா.

முதல் முறை ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அழைத்தது தங்கை. முப்பது வருடமும் அவருக்காக அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதில்லை. ரத்தம் போகிற நேரத்திலும் மனைவியைத்தான் கேட்க வைக்கிறாரே என்று இருந்தது. அவரே கேட்கட்டும், கேட்ட அடுத்த நொடி காரைக் கிளப்பிவிடலாம் என்று நினைத்தேன். வேறு யாரும் முந்திக்கொண்டு போய்விடக் கூடாது, அதற்காகத்தான் பொத்தான். சாவி வண்டியிலேயே இருந்தது. பலகையின் கட்டுகளைக்கூடத் தளர்த்தி வைத்திருந்தேன்.

மூன்று நிமிடம் முடிந்து செட் அடங்கியது. உடனே மறுபடி அழுத்தியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை, இரண்டு மூன்று நொடி விட்டுக் காது கொடுத்தேன். "அண்ணா, கேக்குதா? அண்ணா..." என்றாள். அவள்தான். இரண்டாவது முறை அழுத்தினேன்.

அடுத்த இடைவெளியில் அழுகைதான் வந்தது. "துணியெல்லாம் நனைஞ்சு போச்சுண்ணா" என்று ஒரு பேச்சு. பின்னால் அவர் ஏதோ முனகினார். என்னை இல்லை, அவளைத்தான், தண்ணீர் கேட்டார். மூன்றாவது முறை அழுத்தினேன். மைக்கைப் பிடித்திருந்த கை வலித்தது, இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே நல்ல வெயில். ரோடு காலியாக இருந்தது.

மூன்றாவது இடைவெளியில் அவள் பேசவில்லை. செட்டை அவர் வாயருகே பிடித்திருக்கிறாள். யார் குரல் என்று எனக்கே சட்டென்று பிடிபடவில்லை, அவ்வளவு சின்னதாக வந்தது.

"மச்சான்... கொஞ்சம் வாங்க. பயமா இருக்கு மச்சான்."

கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. மனம் குளிர்ந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அவருடைய சைக்கிளைச் சரிசெய்ததோடு சரி, ஷெட்டில் வேறு எதையும் நான் தொடவில்லை. இனி எதையும் பிரித்து மாட்ட என்னால் ஆகாது. தங்கை கொண்டு வருவதற்கும் இனி எதுவும் இல்லை. நீங்கள் இந்தத் தாளைக் காட்டியதும் அவளும் வர மாட்டாள்.

ஆனால் நான்காவது முறையைப் பற்றி மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. முதல் மூன்றோடு அதைச் சேர்க்காதீர்கள். அது யாரையும் தடுப்பதற்காக அழுத்தியது இல்லை. அவருக்குப் பதில் சொல்லத்தான் அழுத்தினேன். மனிதர் முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டிருக்கிறார், வெறுமனே வருகிறேன் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? மரியாதையாக, அவர் மனதில் நிற்கிற மாதிரி என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.