கிராணி மகனின் கழுத்து

நீங்கள் இடது தோளைத் தூக்கிக்கொண்டு எழுதுகிறீர்கள் ஐயா. மேசை உயரம். வீட்டுக்குப் போனதும் கழுத்து பிடிக்கும். நாற்காலியில் ஒரு தலையணை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். குறை சொல்லவில்லை. அரசாங்க மேசைகளே அப்படித்தான்.

வைத்தியம் எனக்குத் தொழில் இல்லை. செம்பனைக் குலை வெட்டுவதுதான் தொழில். ஆனால் நான் காலால் பிறந்தவன். தலை வரவேண்டிய இடத்தில் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது எங்கள் தோட்டத்து நம்பிக்கை. அதற்குக் காசு வாங்கக்கூடாது. எழுந்தவர் என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். எங்களை வேலை வாங்கும் மண்டோரே ஒற்றியிருக்கிறார். மறுநாள் வேலைக்காட்டில் என் அம்மாவைச் சேர்த்துத் திட்டினார் என்பது வேறு விஷயம்.

காப்ரியல் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் மகன். ரவாங்கில் தொழிற்சாலை ஆபீசில் வேலை, மற்ற நேரமெல்லாம் சைக்கிள். கடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டல் வைத்த ரேஸ் சைக்கிள். அதன்மேல் கவிழ்ந்து படுத்த மாதிரி ஜெராம் வரை போய்த் திரும்புவார். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அங்கே "டேய், வெட்டுக்காரன் மகனே" என்றுதான் கூப்பிடுவார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா வெட்டுக்காரர்தானே.

எண்பத்து நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித் திரும்பிப் பார்த்தபடி எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார்.

"உடையப்பண்ணே, தோள்பட்ட ரெண்டும் கல்லாயிருச்சு. கழுத்துல பூரான் ஊர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் மிதிச்சு விடுங்கண்ணே."

அண்ணே. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. வலிக்கு மரியாதை தெரியும் ஐயா.

பாய் போட்டேன். குப்புறப் படுத்தார். நல்லெண்ணெய் தடவி, குதிகாலால் தோளிலிருந்து கழுத்துவரை மெதுவாக மிதித்தேன். கிராணி வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எங்கள் லயத்தில் அவர் செருப்பு கழற்றியதை அன்றுதான் பார்த்தேன். காப்ரியல் எழுந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பிறகு சிலுவையும் போட்டுக்கொண்டார். வேதக்காரர். இரண்டு பக்கமும் சொல்லி வைப்போம் என்று நினைத்திருப்பார்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தார். நானும் சும்மா இருக்கவேண்டாமே என்று அவர் சைக்கிளைக் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, ஸ்க்ரூக்களை முடுக்கிக் கொடுத்தேன். இதையெல்லாம் கெடுத்தது அவர் தங்கை ஃப்ளோரா.

"இவரு மிதிக்கிறது இருக்கட்டும். ஹேண்டல் அவ்ளோ பள்ளத்துல இருந்தா, ரோட்டப் பாக்க தலைய அண்ணாந்துக்கிட்டே இருக்கணும். கழுத்து என்னா செய்யும்? ஏத்தி வை லா."

நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். வலி போய்விட்டது. அவர் வருவதும் போய்விட்டது. ஒருநாள் மளிகைக்கடை வாசலில் பார்த்து, "டேய் உடையப்பா, சைக்கிள் சேறா கெடக்கு, வந்து கழுவி வையி" என்றார். அப்போதுகூட எனக்குக் கோபம் இல்லை. பாய் சுருட்டியபடியே கிடந்தது, அதுதான் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

கழுவப் போனபோது ஹேண்டலை ஒரு நெல்லளவு இறக்கினேன். அடுத்த வாரம் இன்னொரு நெல். இவ்வளவு சின்ன மாற்றம் ஓட்டுகிற ஆளுக்குத் தெரியாது, அவர் கழுத்துக்குத்தான் தெரியும்.

"அண்ணே, மறுபடி புடிச்சிருச்சு" என்று வந்தார். முன்னைவிடப் பதமாக மிதித்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கோலசிலாங்கூரிலிருந்து கலும்பாங் வரை ஒரு சைக்கிள் போட்டி வந்தது. ஜெயித்தால் மாநிலக் குழுவில் எடுப்பார்கள், கோலாலம்பூரிலேயே தங்கவேண்டும். அங்கே உடம்பு பிடித்துவிடத் தனி ஆள் இருக்கிறானாம், வெள்ளைத் துண்டோடு. என் காலுக்கடியில் படுத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

"அப்புறம் ஒங்களுக்குத் தொந்தரவே இல்லண்ணே."

நல்லது என்றேன்.

போட்டியன்று காலை, கோலசிலாங்கூர் மார்க்கெட் பக்கம் எல்லோரும் கூடியிருந்தோம். ஃப்ளோரா என்னைத் தனியாக இழுத்தாள். "அண்ணனுக்கு எடது கை மரத்துப் போவுது. ஓட வேணாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

நான் சொன்னால்தான் கேட்பார். கிராணி வீட்டுப் பெண் சொன்ன வார்த்தை அது. நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

காப்ரியலும் கேட்டார், "ஓடலாமாண்ணே?"

"தாராளமா ஓடுங்க. ஹேண்டல ஏத்தி விடுறேன், வலி தெரியாது" என்றேன். அவர் முதுகில் நம்பர் குத்திக்கொள்ளத் திரும்பினார். ஹேண்டலை அடிவரை இறக்கினேன். இறக்கி நன்றாக முடுக்கியும் விட்டேன். ஆடுகிற ஹேண்டல் ஆபத்து, அந்த அளவுக்கு நான் அலட்சியக்காரன் இல்லை.

ஏறி உட்கார்ந்ததும், "கீழ இருக்கற மாதிரி இருக்கேண்ணே" என்றார்.

"கழுத்து வீக்கத்துல அப்படித்தான் தெரியும்."

நம்பினார். என்னை அவர் எப்போதும் நம்புவார்.

உலு யாம் இறக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஓரமாக நின்றிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் கத்தினார்களாம். அவர் தலை தொங்கியபடி முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனாராம். பிரேக்கையே தொடவில்லையாம். தலையைத் தூக்க முடிந்தால்தானே லோரி தெரியும்.

இப்போது கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. தோளில் வலி தெரியவே தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தனை நாளாக நாங்கள் இருவரும் பாடுபட்டது அதற்குத்தான்.

வேலை முடிந்ததும் தினமும் போகிறேன். கிராணியே கதவைத் திறந்து, சாசரோடு தேத்தண்ணி கொடுக்கிறார். காப்ரியலால் என் பாதத்தைத் தொட முடியாது. அதனால் நானே அவர் கையைத் தூக்கி, என் காலில் தொட்டு, அவர் கண்ணில் ஒற்றிவிடுகிறேன். கண்ணில் தண்ணீர் வரும். நன்றியுள்ளவர். 'வேணாம், வேணாம்' என்று ஏதோ முனகுவார். கூச்சம்.

ஃப்ளோரா மட்டும் என்னோடு பேசுவதில்லை. அவள் ஏற்றச் சொன்ன ஹேண்டல் அடிவரை இறங்கியிருந்ததைக் கவனித்து, நெளிந்துபோன சைக்கிளை உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுவந்து போட்டவளும் அவள்தான். கெட்டிக்காரி.

ஆமாம் ஐயா. ஒவ்வொரு முறையும் இறக்கியது நான்தான். கடைசி முறை, என்ன ஆகும் என்று தெரிந்தே இறக்கினேன். கையெழுத்து எங்கே போடவேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது. அவரைத் திருப்பிப் படுக்கவைக்கிற நேரம் ஆகிவிட்டது. வேறு யார் தொட்டாலும் அவருக்குப் பிடிக்காது.