மாடி வீட்டு ஆணி

"சுத்தியல் சத்தம் கேட்டாலே எனக்கு உசுரு போகுதுய்யா."

அறந்தாங்கி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும், அவர் பக்கத்தில் இருந்த நண்பர் சிரித்துவிட்டார்.

"ஹார்டுவேர்ஸ் கடை வச்சிருக்கவரு பேசுற பேச்சாண்ணே இது?"

"கடையில கேட்டா பரவாயில்ல. மாடியில ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கேன்ல, அங்க கேக்குது. நான் வாடகைக்கு இருந்த காலத்துல, ஆணி அடிக்காதன்னு சொன்ன ஓனரை எப்புடியெல்லாம் திட்டியிருப்பேன்! இப்ப குடிவந்தவங்ககிட்ட நான் சொன்ன மொத வார்த்தையே அதுதான்."

"சரி, என்னாச்சு?"

"நேத்துக் காலையில டங்கு டங்குன்னு சத்தம். சட்டைகூடப் போடாம மேல ஓடுனேன். புதுப் பெயிண்ட் அடிச்ச செவுத்துல ஆணி! குடியிருக்குற பொண்ணு, 'வாங்கண்ணே, நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க'ங்குது. பாத்தா, நம்ம கடை காலண்டரு. புது வருசத்துக்கு நாந்தான் குடுத்தேன்."

"சத்தம் போட்டீங்களா?"

"எப்புடிப் போடுறது? கோவிச்சுக்கிட்டுக் காலி பண்ணிட்டா வீட்டு லோனை யாரு கட்டுறது? 'இங்கிட்டுக் கொஞ்சம் தூக்குங்கம்மா'ன்னு சொல்லிட்டு எறங்கி வந்துட்டேன்."

நண்பர் கேட்டார்.

"ஆணி ஏது அந்தப் பொண்ணுக்கு?"

"முந்தாநாளு நம்ம கடையிலதான் வந்து வாங்குச்சு. எதுக்கும்மான்னு ஒரு வார்த்தை கேக்கல நான். செவுத்துல எறங்கினா அசையாதுன்னு, நல்ல ஸ்டீல் ஆணியாப் பொறுக்கி எடுத்துக் குடுத்தேன்."