அவரவர் பக்கத்துச் சோறு

அந்தக் கடையில் மந்தி, அதுதான் அந்த அரபுக் கறிச்சோறு, நன்றாகத்தான் இருக்கும் ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்கு சீல் வைத்த பிறகு ஆளாளுக்கு ஏதேதோ பேசுகிறார்கள். அழுகின கறி என்கிறார்கள், பூனைக்கறி என்றுகூட ஒருவர் சொன்னார். நான் அங்கே பல முறை சாப்பிட்டிருக்கிறேன். கறி பதமாக வெந்திருக்கும், எண்ணெய் அளவாக இருக்கும். இல்லாததைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

என் பெயர் உலகநாதன், ஊர் திருமுல்லைவாயில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். வெளியிலிருந்து வரும் சாமான்களைச் சோதித்து உள்ளே விடுவது என் வேலை. ஒரு பெட்டி போல்ட் வந்தால் நாலைந்தை எடுத்து அளந்து பார்ப்பேன். அவை தப்பாக இருந்தால் பெட்டி மொத்தமும் திரும்பிப் போகும். மீதியெல்லாம் நல்லா இருக்கு சார் என்று சப்ளையர்கள் கெஞ்சுவார்கள். இருக்கலாம். ஆனால் நம்பிக்கையின் பேரில் ஒன்றையும் உள்ளே விட முடியாது. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

வீட்டில் நானும் என் மகள் கிருஷ்ணப்பிரியாவும்தான். ஏழாம் வகுப்பு படித்தாள். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவள் அம்மா வடிவு காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, சமையல், யூனிஃபாரம் இஸ்திரி, தலை பின்னுவது எல்லாவற்றையும் நானே கற்றுக்கொண்டேன். பின்னல் மட்டும் கோணலாகத்தான் வரும். பாப்பா பள்ளிக்கூடம் போய் யாரிடமாவது சரிசெய்துகொள்வாள் போலிருக்கிறது.

வடிவின் தம்பி தினேஷ். பட்டாபிராமில் வீடு, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மனைவி தேவிப்பிரியா. கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கா போன பிறகு அவன் சனிக்கிழமை தவறாமல் பைக்கில் வந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போவான். ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விடுவான். தாய்மாமன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று எதிர்வீட்டு அஞ்சலை என் காதுபடச் சொல்வாள். என் காதுபட எதற்குச் சொல்ல வேண்டும் என்று நான் யோசிப்பேன்.

ஞாயிறு திரும்பி வரும்போது பாப்பாவின் பின்னல் நேராக இருக்கும். முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். பிறகு, அங்கே அவளுக்கென்று தனி டூத்பிரஷ், தனி துண்டு, தனி டம்ளர் இருப்பது தெரிந்தது. ஒரு நாள் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தினேஷ் சாதாரணமாகச் சொன்னான்: "பட்டாபிராம்ல ஒரு ஸ்கூலு சூப்பரா கீதாம் மாமா. பசங்கள நல்லா பாத்துக்கிறாங்களாம்." யாருக்காக விசாரித்தான் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்து அந்த அறை. பாப்பாதான் சொன்னாள். "மாமா ஊட்ல ஒரு ரூமுக்கு மஞ்ச பெயின்ட் அடிச்சிகீறாங்கப்பா. செவுத்துல மயிலு, முயலு எல்லாம் ஒட்டிகீது. சர்ப்ரைஸாம். உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு அத்தை சொல்லிச்சு." சொல்லக் கூடாது என்றால் என்னிடமிருந்து மறைக்க வேண்டியது என்று அர்த்தம். மஞ்சள் பாப்பாவுக்குப் பிடித்த நிறம். எடுத்துப் பார்த்த நாலு போல்ட்டும் தப்பாக இருந்தது ஐயா.

நேரடியாகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் பதில் கிடைக்கும், உண்மை கிடைக்குமா? பாப்பாவைத் தவிர எனக்கு வேறு யாரும் கிடையாது. அவளைப் படிப்பு, பள்ளிக்கூடம் என்று சொல்லி மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று குழந்தை பெற்றவர்களுக்குப் புரியும்.

இனி கடைக்கு வருகிறேன். குமணன்சாவடி ஜங்ஷன் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது, ஜுபைதா மந்தி. முதலாளி அமீர், பூந்தமல்லிக்காரர். மனைவி பெயரையே கடைக்கு வைத்திருக்கிறார். தரையில் மெத்தை போட்டிருப்பார்கள். சுற்றி உட்கார்ந்தால் நடுவில் ஒரு பெரிய தட்டு வரும். அதற்கு சஹன் என்று பெயர். சோறும் அதன்மேல் கறியுமாக எல்லோரும் அந்த ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். பாப்பாவுக்கு அது மிகவும் பிடிக்கும்.

முதல் தடவை போனபோது அமீரே பக்கத்தில் குனிந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். "அவங்கவங்களுக்கு முன்னாடி கீறத மட்டும் சாப்டணும் பாப்பா. நடுவுல கை போடக் கூடாது. நடுவுலதான் பரக்கத் எறங்கும்." பரக்கத் என்றால் ஆண்டவன் அருள் என்று விளக்கமும் சொன்னார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே தட்டுதான், ஆனால் ஒருவர் சோற்றை இன்னொருவர் தொடுவதில்லை. அது எனக்குப் புதிதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தக் கடையைப் பற்றி இணையத்தில் ஜனங்கள் எழுதியிருந்ததை ஒன்று விடாமல் படித்தேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். பாதிப் பேர் கறி பஞ்சு மாதிரி, இந்தப் பக்கத்திலேயே இதுதான் நல்ல கடை என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பேருக்குச் சோறு வேகவில்லை, ஏசி ஓடவில்லை, ஒரு மணி நேரம் காக்கவைத்தார்கள். சிலர், சாப்பிட்டுவிட்டு வந்து வயிறு கெட்டுப்போனது என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அமீர் பதில் போட்டிருந்தார், மன்னிச்சிடுங்க, இன்னொரு தடவை வாங்க என்று. குறை சொன்னவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை போனவர்கள். அன்றைக்குக் கூட்டம் தாங்காது, அமீரால் எல்லாத் தட்டையும் பார்க்க முடியாது.

எல்லோரும் புகழும் கடையில் சாப்பிட்டு ஒருவர் விழுந்தால் கேள்வி வரும். எல்லோரும் திட்டினால் அங்கே ஏன் போனாய் என்ற கேள்வி வரும். இது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அமீர் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

மருந்துப் பொட்டலத்தை எங்கே வாங்கினேன் என்பதைத் தனியாகச் சொல்கிறேன். விற்றவருக்கு ஒன்றும் தெரியாது, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

பாப்பா பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை. ட்ரீட் கொடுக்கிறேன், மூன்று பேரும் வாருங்கள் என்று தினேஷிடம் சொன்னேன். பாப்பாவும் அவனும் மட்டும் வீட்டுக்கு வந்தார்கள். தேவிப்பிரியா வரவில்லை. அவள் ஏன் ஒதுங்கிக்கொண்டாள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மதியம் நல்ல கூட்டம். மூலையில் இடம் கிடைத்தது. தட்டு வந்ததும் இரண்டு பேரையும் கை கழுவ அனுப்பினேன். சாப்பிடுவதற்கு முன் கை கழுவ வேண்டும் என்று பாப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கியிருக்கிறேன். அவர்கள் திரும்பி வருவதற்குள் தினேஷ் உட்கார்ந்திருந்த எதிர்ப்பக்கத்துக் கறியில் பொட்டலத்தைப் பிரித்துத் தூவி, மேலே தக்காளிச் சட்னியை ஊற்றிவிட்டேன். என் பக்கமும் பாப்பா பக்கமும் சுத்தமாக இருந்தது. அதில் நான் கவனக்குறைவாக இருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

தினேஷ் உட்கார்ந்தான், ஆனால் சாப்பிடத் தொடங்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தான். "மாமா, ஒரு மேட்டரு. தேவி முழுகாம கீது. மூணு மாசம் ஆவுது. கறி வாசனயே ஆவல அதுக்கு, அதான் வர்ல. எட்டு வருசம் கழிச்சி வந்துகீது, கண்ணு பட்டுடப் போதுன்னு யாராண்டயும் சொல்லல. மொத மொத உங்களாண்டதான் சொல்றேன்."

பாப்பா கை தட்டினாள். "அப்ப அந்த ரூமு குட்டிப் பாப்பாவுக்கா மாமா?"

"பின்ன? ஸ்கூலுகூட இப்பவே விசாரிச்சிகினு கீறேன். உங்க அத்தை சிரிக்குது."

இந்த இடத்தில்தான் நீங்கள் கேள்வி கேட்பீர்கள். அப்போது ஏன் தட்டைத் தள்ளிவிடவில்லை என்று. நான் அவன் சொன்னதை உடனே நம்பவில்லை ஐயா. மூன்று மாதம் மறைத்தவன் இன்னும் எதை மறைக்கிறானோ. ஒரு சப்ளையர் சொல்கிறார் என்பதற்காக திருப்பி அனுப்பிய பெட்டியை நான் மறுபடி உள்ளே எடுத்ததில்லை. யோசிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. அது கிடைக்கவில்லை.

அதற்குள் அவன் தன் முன்னால் இருந்த பெரிய கறித்துண்டை எலும்போடு எடுத்து பாப்பாவின் பக்கம் வைத்தான். சட்னியையும் வழித்து அதன்மேல் போட்டான். "அக்கா பேரு சொல்ல நீ ஒருத்திதான கீற. நீதான் எம் புள்ளைக்கு எல்லாம் சொல்லிக் குடுக்கணும். துன்னு." அவன் கண் கலங்கியிருந்தது.

பாப்பா என்னைப் பார்த்தாள். "அமீர் அங்கிள் சொன்னாரேப்பா, நல்ல துண்டு வந்தா பக்கத்துல கீறவங்களுக்குக் குடுக்கணும்னு." அன்று நான் காதில் வாங்காத வாக்கியம் அதுதான் போலிருக்கிறது. அந்தத் துண்டிலிருந்து கொஞ்சம் பிய்த்து என் வாய்க்கு நேராக நீட்டினாள். "நீயும் சாப்டுப்பா."

நான் வேகமாக யோசித்தேன். தட்டிவிட்டால் ஏன் என்று தினேஷ் கேட்பான். காரணம் தெரிந்தால் பாப்பாவை அவன் நிரந்தரமாகக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். எதற்குப் பயந்தேனோ அதுவே நடக்கும். சரி, நான் சாப்பிடலாம் என்றால், நானும் விழுந்துவிட்டால் அவளை யார் பார்த்துக்கொள்வது? தினேஷ்தான். ஒரு துண்டுதானே, வயிறு கலங்கும், ஒரு நாள் டிரிப்ஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒரு தகப்பன் எல்லாப் பக்கமும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

"எனக்குப் போதும்மா, நீ சாப்பிடு" என்றேன்.

சாப்பிட்டாள். எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சினாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

தினேஷ் சந்தோஷத்தில் பேசிக்கொண்டே இருந்தானே தவிர அதிகம் சாப்பிடவில்லை. அவனையும் மருத்துவமனையில் சேர்த்தார்கள், மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டான். பாப்பா எழுந்திருக்கவில்லை. டாக்டர்கள் என்ன சாப்பிட்டாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மந்தி என்றேன். வேறு என்ன என்றார்கள். வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கடைக்கு ஒரு நட்சத்திரம் போட்டேன். எழுத வேண்டியதை முந்தின வாரமே போனில் தயாராக வைத்திருந்தேன். இந்தக் கடையில் சாப்பிட்டு என் மைத்துனர் உயிருக்குப் போராடுகிறார், யாரும் குடும்பத்தோடு போகாதீர்கள் என்று இருந்தது. மைத்துனர் என்பதை மகள் என்று மாற்றினேன். வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே பதில் வந்தது. அமீரை நீங்கள் அதற்குள் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள், அதனால் அவர் மனைவி ஜுபைதா எழுதியிருந்தார். மன்னிச்சிடுங்க அண்ணா, எங்க கை சுத்தம்னு அல்லாவுக்குத் தெரியும், பாப்பா பொழைக்கணும்னு வீட்ல எல்லாரும் துஆ செய்யிறோம் என்று. ஒரு நட்சத்திரம் போட்டவனுக்கு எதற்காக இப்படி எழுத வேண்டும், உள்ளே என்ன நோக்கம் இருக்கும் என்று வெகுநேரம் யோசித்தேன். பிடிபடவில்லை.

பாப்பா செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டாள்.

நான் இன்று இங்கே வந்திருப்பது அமீருக்காக இல்லை. அவரை விட்டுவிட்டால் நல்லதுதான், மறுக்கவில்லை. நான் வந்தது தினேஷால். பாப்பாவை எடுக்கும்போது அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "எங் கையாலதான குடுத்தேன், நான்தான் கொன்னுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். திருமுல்லைவாயிலே அவனைச் சுற்றி நின்றது. அஞ்சலை அவனைப் பிடித்துக்கொண்டாள். வாயும் வயிறுமாக இருக்கும் தேவிப்பிரியா அவன் காலடியில் உட்கார்ந்து அழுதாள். பார்ப்பவர்களுக்கு அவன்தான் பெற்றவன் மாதிரி இருந்திருக்கும். நான் ஓரமாக வாழைமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். பின்னல் கோணலாக இருந்தாலும் அன்று காலையில் நான்தான் அவளுக்குப் பின்னிவிட்டேன். அதை யாரும் பார்க்கவில்லை.

நேற்று அவன் இங்கேயும் வந்தானாம். என்மேல் எழுதுங்கள் சார், நான்தான் எடுத்து வைத்தேன் என்று கெஞ்சினானாம். நீங்கள் அவனைத் தேற்றி, டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினீர்களாம். கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உயிரோடு இருந்தபோது சனி, ஞாயிறை எடுத்துக்கொண்டான். பின்னலை எடுத்துக்கொண்டான். பொறுத்துக்கொண்டேன். இப்போது இதையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான்.

அவள் என் மகள் ஐயா. தூவியது நான். சாப்பிடு என்று சொன்னதும் நான். பாப்பாவைக் கொன்றது நான்தான் என்று தெளிவாக எழுதுங்கள். அதில் அவனுக்குப் பங்கு கிடையாது.