வேலிக்கு அந்தப் பக்கத்துப் பன்றிகள்

குளிர்ந்த மண்ணில் நிலக்கடலை விதைக்கக் கூடாது. நீங்கள் போலீஸ் ஆனாலும் உங்கள் அப்பா கடலை போட்டவர்தானே ஷெரிப், தெரிந்திருக்கும். மண் கொஞ்சம் சூடேறட்டும் என்று மே மாதம்வரை காத்திருந்து விதைப்போம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பன்றிகள் சால் பிடித்துக்கொண்டே வந்து ஒரு விதை விடாமல் தோண்டித் தின்றிருக்கும். டிராக்டர் ஓட்டியதைவிட நேராக இருக்கும் அந்தத் தடம். அதை நான் நின்று ரசித்தும் இருக்கிறேன். பன்றிகள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பசிக்கிறது, தின்கின்றன.

கார்லண்ட் ஸ்ட்ரவுட் பக்கத்து நிலத்துக்காரன். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். அவனும் ஒரு காலத்தில் கடலை போட்டவன்தான். அப்புறம் உழவை விட்டுவிட்டு, டல்லாஸ் நகரத்துக்காரர்கள் காசு கொடுத்து வந்து காட்டுப்பன்றி சுடுவதற்கு நிலத்தைத் திறந்துவிட்டான். அவ்வளவு தூரம் வருகிறவன் வெறுங்கையோடு திரும்பக் கூடாதல்லவா. மக்காச்சோளத்தைக் கொட்டிப் பன்றிகளைப் பழக்கினான். அவை அவன் சோளத்தைத் தின்றுவிட்டு என் கடலைக்கு வந்தன.

தீவனக் கடையில் வைத்து அவனிடம் கேட்டேன். நாலு பேர் இருந்தார்கள்.

"வெளியூர்லேருந்து லாரில பன்னி கொண்டாந்து விடுறியாமே கார்லண்ட்?"

"பன்னி என்ன, எங்கிட்ட பேரச் சொல்லிட்டா வந்துச்சு?" என்றான். "உன் கடல ருசியா இருக்குடா லானி. சந்தோஷப்படுவியா, அத விட்டுட்டு..."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது.

அந்தக் கோடையில் என் தம்பி டூயி புல் அறுத்துக்கொண்டிருந்தான். பன்றி தோண்டிய குழி புல்லுக்குள் தெரியவில்லை. முன்சக்கரம் இறங்கி டிராக்டர் சாய்ந்துவிட்டது. உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறைத்ததாக ஆகும். கார்லண்ட் ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவான். புகையில் வேகவைத்த மாட்டிறைச்சி கொண்டு வருவான். டூயியின் பக்கத்தில் உட்கார்ந்து கால்பந்து பார்ப்பான். போர்வை விலகினால் சரிசெய்வான். அவன் இருக்கும்போது டூயி வாய்விட்டுச் சிரிப்பான். என்னோடு இருக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"விட்டுத் தொலையேண்ணே," என்று டூயி சொன்னான். "அவன் வேணும்னா செஞ்சான்? நெதம் இதே பேச்சா உனக்கு?"

அவனுக்கு அப்போது வலிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மயக்கத்தில் பேசினான் என்று எடுத்துக்கொண்டேன்.

அறுவடை முடிந்ததும் கம்பிச் சட்டங்களை வட்டமாக நட்டு ஒரு பட்டி போட்டேன். நடுவில் சோளம். பன்றி சந்தேகப் பிராணி. கதவை மேலேயே நிறுத்திவைத்து, வாரக்கணக்கில் நிம்மதியாகத் தின்னவிட வேண்டும். குட்டிகளோடு மொத்தக் கூட்டமும் பயம் தெளிந்து உள்ளே வந்த பிறகு, ஒரே இழுப்பில் கதவை இறக்க வேண்டும். பொறுமையில் லானி ப்ரூயிட்டை மிஞ்ச ஆளில்லை என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அன்று விடியும்போது கூட்டம் முழுவதும் உள்ளே இருந்தது. கதவை இறக்கினேன். அவற்றில் ஒரு பெரிய ஆண் பன்றி. அதன் காதில், பண்ணைகளில் அடையாள வில்லை மாட்டுவார்களே, அந்தத் துளை. காட்டில் பிறந்த பன்றிக்கு யார் காது குத்துவார்கள்? கார்லண்ட் இத்தனை நாளும் எனக்குத்தான் காது குத்தியிருக்கிறான். அவனைப் போனில் கூப்பிட்டேன். மரியாதையாகத்தான் பேசினேன்.

கையில் காபியோடு வந்தான். கம்பிக்கு வெளியே நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"எங்கடா ஓட்டை? உண்ணி கடிச்ச மாதிரி இருக்கு."

"மேல ஏறிப் பாரு."

காபியை என் வண்டிமேல் வைத்துவிட்டு ஏறினான். மேல்கம்பியில் வயிற்றைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தான். நான் அவன் பூட்ஸைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தேன். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்றுதான்.

உள்ளே விழுந்ததில் அவன் முழங்கால் திரும்பிக்கொண்டது. எழ முடியவில்லை. குட்டி போட்ட பெண் பன்றிகள் ஓரமாக ஒதுங்கி நின்றன. ஆண் பன்றி மட்டும் வந்தது. அதன் கோரைப்பல் கத்தி மாதிரி, சத்தமே இல்லாமல் கிழிக்கும்.

பதறிப்போய் என்னால் குறிபார்க்க முடியவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். நீங்கள் பட்டிக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தீர்கள். எல்லாம் முடிந்த பிறகு நான் சுட்ட பன்றிகள் அங்கே கிடந்தன, குட்டிகள் உட்பட. ஒவ்வொன்றுக்கும் காதுக்குப் பின்னால் ஒரே குண்டு. பதறியவன் சுட்டது மாதிரி இல்லைதான். ஒத்துக்கொள்கிறேன். துப்பாக்கி முதலிலிருந்தே குண்டு போட்டு என் கையில்தான் இருந்தது.

"சுடுடா லானி," என்றான் கார்லண்ட். அப்போதும் அவன் குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

"பன்னி யாருது? அதச் சொல்லு, சுடுறேன்."

"என் காலப் பாருடா... தொடையில குத்திருச்சு."

"யாருதுன்னு கேட்டேன்."

அவன் இரண்டு கையாலும் தொடையை அழுத்திக்கொண்டான். விரலிடுக்கில் ரத்தம் கொப்பளித்தது.

"என்னுதுதான். லாரில நாந்தான் கொண்டாந்து விட்டேன். டூயி விழுந்த குழியும் எம் பன்னி தோண்டுனதுதான். அது தெரிஞ்சுதான் வாராவாரம் உங்க வீட்டுக்கு வந்துட்டிருந்தேன். இப்பவாவது சுடுடா."

நான் நியாயம் பார்க்கிறவன் ஷெரிப். அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு வேண்டியிருந்தது உண்மை, அவன் வாயால், ஒரே ஒரு தடவை. டூயிக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தேன்.

"கேக்கல," என்றேன். "இன்னொரு தடவ சொல்லு."

சொன்னான். குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

முதல் தடவையே எனக்கு நன்றாகக் கேட்டிருந்தது.