எட்டாயிரம் அழைப்புக்குப் பின்னால் பன்னிரண்டு கிலோ மல்லிகை

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் மலர் விவசாயிகள் சங்கத் தலைவர் ராயப்பன் அவர்களே! நரைத்த தலையோடும் நிமிர்ந்த நெஞ்சோடும் வந்திருக்கும் பெரியோர்களே! விடியுமுன் மொட்டுக் கிள்ளி, வெயிலுக்குமுன் கூடை நிறைத்து, இங்கே கொட்டாவியை மறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் இந்தக் காசிமாயனின் வணக்கம்!

நம் சங்கத்துக் கைப்பேசிச் செயலியை எழுத்தறியாத நானும் அறிவேன். வாயால் சொன்னால் போதும், சேதி மாட்டுத்தாவணிப் பூச்சந்தை வியாபாரிகளுக்குப் போய்விடும். போன வைகாசி, இரண்டாம் வெள்ளி, காலை ஆறு மணி. வண்டியூர் மாயக்காள் சொன்னாள்: "பன்னெண்டு கிலோ மல்லி, அம்புட்டும் மொட்டு."

போனதா சேதி? உச்சிவேளை வந்தது, போகவில்லை. பொழுது சாய்ந்தது, போகவில்லை. கூடையோடு என் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, மொட்டு வாயத் தொறந்துருச்சு, ஒங்க சங்கத்து ஆப் இன்னும் வாயத் தொறக்கலயே!"

ஏன் திறக்கவில்லை? செயலியில் எல்லார் சேதிக்கும் ஒரே வரிசை, ஒவ்வொன்றாகத்தான் போகும்; அந்த வரிசையில் அவள் சேதிக்கு முன்னால் எட்டாயிரம் காதுகுத்து அழைப்புகள் நின்றன. ஊரை அழைத்து ஒருத்தியை அழவைத்த அந்த உத்தமன் யார்? அங்கே தேடாதே மாப்ள அழகுபாண்டி, மைக்குக்கு முன்னால்தான் நிற்கிறான்! என் பேத்தி காதுகுத்து!

சிரியுங்கள். ஆனால் நான் விட்டேனா? செயலியைக் கவனிக்கும் பவதாரிணியிடம் சட்டம் பேசினேன்.

"நான் அஞ்சு மணிக்கு வந்தவன்மா, அவ ஆறு மணிக்கு வந்தவ. முந்தி வந்தவனை முதல்ல விடுறதுதானே நியாயம்?"

"தாத்தா, பந்தியில மொத எலையில உக்காந்துட்டீகன்னு சாம்பார் வாளிய ஒங்க எலையிலயே கவுத்தா, மத்தவுக எதை ஊத்தித் திங்கிறது?"

எத்தனையோ பந்திக்கு முந்திய இந்த வாயே, "மாத்திவிடும்மா" என்றது!

அவள் மாற்றிவிட்டாள். இப்போது ஆளுக்கொரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சேதி எடுத்து, அடுத்ததற்கு நகர்கிறது இயந்திரம். என் அழைப்பும் போகும், அவள் மொட்டும் போகும். "பழைய ஒற்றை வரிசையே வேண்டும்" என்று பெரிய தோட்டக்காரர்கள் சிலர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். இன்று அதற்குத்தான் வாக்கெடுப்பு.

"நீரு எந்தப் பக்கம் பெருசு?" என்கிறார் ஓர் அன்பர். ஐயா, குற்றவாளியே சாட்சி சொல்கிறேன், வேறென்ன வேண்டும்? ஆயிரம் சேதி உள்ளவனுக்கு அவசரம் உண்டு. ஒற்றைச் சேதி உள்ளவளுக்கு அந்த ஒன்றுதான் உண்டு! காத்திருக்கக் காதுகுத்துக்குத் தெரியும். காத்திருக்க மல்லிகைக்குத் தெரியுமா? தெரியுமா?

ஆளுக்கொரு வரிசைக்கே கை தூக்குங்கள்! அடடா, மாயக்காள், ஒரு கைதான் தாயே. இரண்டு கையும் தூக்கினால் செல்லாது! எனக்கும் ஒரு கைதான், தூக்கிவிட்டேன். எனக்குப் பின்னால் நால்வர் பேசக் காத்திருக்கிறார்கள். என் முறை முடிந்தது. பொறுத்துக் கேட்டீர்கள், நன்றி, வணக்கம்!