இந்த வருஷத்துச் சிறந்த ஆல்பம்

விமர்சகர்: ...அந்த மூணாவது ஆல்பத்தோட அவங்க கதை முடிஞ்சுதும்மா. அதுக்கப்புறம் பாடறவன் வாய்க்குள்ள எதையோ போட்டு மென்னுக்கிட்டே பாடறான். ஒரு வார்த்தை விளங்கல.

பரிசோதகர்: சார், ஹெட்போனைக் கொஞ்சம் கீழ இறக்கி... ஆங், அப்படித்தான். சத்தம் கேட்டா இந்தப் பட்டனை அழுத்தணும். எவ்வளவு மெதுவாக் கேட்டாலும் அழுத்தணும்.

விமர்சகர்: இருபது வருஷமா ஆல்பம் கேட்டு பேப்பர்ல எழுதறேன். எனக்குப் போய் காது டெஸ்ட். சமையக்காரனுக்கு நாக்கு டெஸ்ட் வெச்ச மாதிரி.

மனைவி: வெச்சாத்தான் என்ன, குடியா முழுகிடும்?

விமர்சகர்: என்னம்மா சொல்றா?

பரிசோதகர்: நிமிந்து உக்காரச் சொல்றாங்க சார். கதவைச் சாத்தறேன்.

...

பரிசோதகர்: இனிமே நாம பேசறது உள்ள கேக்காதும்மா.

மனைவி: திறந்திருந்தாலும் கேக்காது.

பரிசோதகர்: சார் எழுதறதை நான் ஒரு வாரம்கூட விட மாட்டேன். 'ஈரச் செங்கல்' ஆல்பத்தைக் கிழிச்சுத் தொங்க விட்டாரே... டிரம்ஸ்காரன் ஜிங்குன்னு அடிக்கற பித்தளைத் தட்டை வீட்லயே மறந்து வெச்சுட்டு வந்துட்டானான்னு.

மனைவி: அதுல தட்டு இல்லாத பாட்டே இல்லம்மா.

பரிசோதகர்: எனக்கும் கேட்டுச்சு. ஆனா சாரே இல்லன்னு சொல்லிட்டா... இருங்க, அழுத்திட்டார்.

மனைவி: அப்போ கேக்குதா?

பரிசோதகர்: நான் இன்னும் எதுவும் போடலையே.

மனைவி: சரிதான்.

பரிசோதகர்: இதோ மறுபடியும். அம்மா, கண்ணாடி வழியா என் கையைப் பாத்து அழுத்தறார். இப்போ மூக்கைச் சொறிஞ்சேன், அதுக்கும் அழுத்தினார்.

மனைவி: வீட்ல என் வாயைப் பாத்துத் தலையாட்டுவார். போன வாரம் காஸ் தீந்துபோச்சுங்கன்னேன். அருமையா இருக்குன்னார்.

பரிசோதகர்: மைக்ல சொல்றேன்... சார், கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி உக்காருங்க.

விமர்சகர்: ஏன், உங்களைப் பாத்தா என்ன?

பரிசோதகர்: எல்லாரையும் அப்படித்தான் சார் உக்கார வெப்போம்... ம். இப்போ போடறேன். கூட்டறேன்... இன்னும் கூட்டறேன்...

மனைவி: அழுத்தலையே.

பரிசோதகர்: எனக்கு வெளியிலயே கேக்குதும்மா.

மனைவி: எனக்கும்தான்.

பரிசோதகர்: எத்தனை நாளா இப்படி?

மனைவி: ரெண்டு வருஷம் இருக்கும்.

பரிசோதகர்: அப்போ ரெண்டு வருஷமா ஆல்பம் எல்லாம் எப்படிக் கேட்டு...

மனைவி: போட்டு விட்டுட்டு சமையக்கட்டு வாசல்ல வந்து நிப்பார். 'எப்படி இருக்குன்னு நினைக்கறே?'ன்னு கேப்பார், ஏதோ எனக்குப் பரீட்சை வெக்கற மாதிரி. நான் வெங்காயம் நறுக்கிக்கிட்டே எதையாவது சொல்வேன். 'ஈரத்துணியைப் பிழியற மாதிரி பாடறான்'னு. ஞாயித்துக்கிழமை பாத்தா அது அச்சுல வந்திருக்கும்.

பரிசோதகர்: 'ஈரத்துணியைப் பிழியும் குரல்'... அது நீங்களா? அதை நான் போன்ல படம் பிடிச்சு வெச்சிருக்கேன்மா.

மனைவி: ஈரச் செங்கல் மட்டும் அவரா எழுதினது. அன்னிக்கு நான் ஊர்ல இல்ல.

பரிசோதகர்: உங்களுக்குத் தெரியும்னு சாருக்குத் தெரியுமா?

மனைவி: தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க. மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார்.

பரிசோதகர்: அப்புறம் இன்னிக்கு ஏன் கூட்டிட்டு வந்தீங்க?

மனைவி: சாயங்காலம் விழா இருக்கு. இந்த வருஷத்துச் சிறந்த ஆல்பம்னு இவர் தேர்ந்தெடுத்ததுக்கு இவர் கையாலயே பரிசு. அதுக்கப்புறம் கேள்வி பதில். போன வருஷம் ஒருத்தர் எழுந்து, புதுசாப் பாட வர்றவங்களுக்கு என்ன வழி சொல்றீங்கன்னு கேட்டார். இவர், மாடிப்படிக்குக் கீழ இடது பக்கம்னார்.

பரிசோதகர்: கூட்டம் சிரிச்சுதா?

மனைவி: கை தட்டுச்சு. ஏதோ உள்ளர்த்தம்னு நினைச்சுட்டாங்க. ஒவ்வொரு வருஷமும் அப்படியே தப்பிக்க முடியுமா?

...

பரிசோதகர்: வாங்க சார், இப்படி உக்காருங்க. இந்தக் கோட்டைப் பாருங்க. கனமான சத்தமெல்லாம் கேக்குது. இங்கேர்ந்து சரசரன்னு இறங்குது பாருங்க... மெல்லிசா, கீச்சுன்னு வர்ற சத்தம் எதுவும் காதுல விழல. ச, ஸ மாதிரி எழுத்து தெளிவாக் கேக்காது. அதனாலதான் எல்லாரும் மென்னுக்கிட்டே பாடற மாதிரி இருக்கு. அப்புறம் சலங்கை, டிரம்ஸ்ல வர்ற தட்டு...

விமர்சகர்: தட்டா?

பரிசோதகர்: ஆமா சார்.

விமர்சகர்: ஏம்மா... அந்த ஈரச் செங்கல்ல தட்டு இருந்துச்சா?

மனைவி: இருந்துச்சுங்க.

விமர்சகர்: எல்லாப் பாட்டுலயுமா?

மனைவி: எல்லாப் பாட்டுலயும்.

விமர்சகர்: அந்த டிரம்ஸ்காரப் பையன் ஆபீசுக்கு வந்தான். தட்டைக் கையிலயே தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னான். கிண்டல் பண்றான்னு நினைச்சு உள்ள விட வேணாம்னுட்டேன்.

மனைவி: அவன்கிட்ட பேசிக்கலாம். இப்போ மெஷினைப் போட்டுப் பாருங்க.

பரிசோதகர்: காதுக்குப் பின்னாடி இப்படி மாட்டி... முதல்ல எல்லாமே தகரத்துல தட்டின மாதிரி இருக்கும் சார். போகப் போகப் பழகிடும். கேக்குதா?

விமர்சகர்: என்னமோ சரசரங்குதே.

பரிசோதகர்: உங்க சட்டை சார்.

விமர்சகர்: இது? புஸ்ஸு புஸ்ஸுன்னு...

மனைவி: நான் மூச்சு விடறேங்க.

விமர்சகர்: இவ்வளவு சத்தமாவா விடுவே?

மனைவி: உங்ககூடக் குடித்தனம் பண்ணா பின்ன எப்படி விடறதாம்?

பரிசோதகர்: ஒரு பாட்டு போட்டுச் சரி பாத்துடலாம். சார் தேர்ந்தெடுத்த 'எட்டாம் மாடி' ஆல்பமே என்கிட்ட இருக்கு. நீங்க எழுதினதைப் படிச்ச அன்னிக்கே வாங்கிட்டேன்.

மனைவி: பாட்டெல்லாம் வேணாம்மா, நேரமாச்சு.

பரிசோதகர்: ஒரே நிமிஷம்தாம்மா.

மனைவி: அப்போ வேற ஏதாவது போடுங்க. ஈரச் செங்கல் போடுங்க.

விமர்சகர்: சாயங்காலம் நான் பரிசு குடுக்கப் போற ஆல்பம், அதைப் போட வேணாங்கறே? நீ போடும்மா.

...

விமர்சகர்: நிறுத்தும்மா. மெஷின்ல ஏதோ கோளாறு.

பரிசோதகர்: மெஷின் சரியாத்தான் சார் இருக்கு.

விமர்சகர்: பின்ன ஏன் எண்ணெய் காணாத கதவு மாதிரி கத்தறான்?

பரிசோதகர்: ரெண்டாவது பாட்டு போடறேன்.

விமர்சகர்: ...ம்ஹூம். கிடார் ஒரு பக்கம் ஓடுது, இவன் ஒரு பக்கம் ஓடறான். ரெண்டு பேரும் சந்திக்கவே இல்ல.

பரிசோதகர்: தப்பா நினைக்காதீங்க சார். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நீங்களே அவ்வளவு எழுதியிருக்கீங்க, நமக்குத்தான் காது இல்ல போலன்னு திரும்பத் திரும்பக் கேட்டேன்.

விமர்சகர்: நீங்க காது டெஸ்ட் எடுக்கறவங்க.

பரிசோதகர்: ஆமா சார். போய் என் காதையே டெஸ்ட் பண்ணிக்கிட்டேன்.

விமர்சகர்: ஏய், இந்த ஆல்பத்தைத்தானே 'மழை விட்டப்புறம் மொட்டை மாடியில நிக்கற நிம்மதி'ன்னு சொன்னியே. ஒரு வார்த்தை மாத்தாம எழுதினேன்.

மனைவி: அப்போ நான் சொன்னதைத்தான் எழுதினீங்க.

விமர்சகர்: ஆமா. ரெண்டு வருஷமா நீ சொன்னதைத்தான் எழுதறேன். வெக்கமா இருக்கு. காது போச்சுன்னு தெரிஞ்சா என்னை எவன் மதிப்பான்? அதான் உன்கிட்டகூடச் சொல்லல.

மனைவி: எனக்குத் தெரியும்.

விமர்சகர்: ரெண்டு வருஷமாவா?

மனைவி: தெரிஞ்சுதானே அவ்வளவு சத்தமா அபிப்பிராயம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் சண்டைன்னு நினைச்சுக்கிட்டாங்க.

விமர்சகர்: சரி, மத்ததெல்லாம் நியாயமாத்தானே சொன்னே. இது மட்டும் ஏன்? இருபது வருஷத்துல ஒருத்தர் சிபாரிசுக்கு நான் பேனா எடுத்தது கிடையாது. இவன் யாருன்னுகூட எனக்குத் தெரியாது. 'மழைக்காகம்'னு ஒரு பேரு, அட்டையில ஒரு காக்கா படம், மூஞ்சியே இல்ல. மேடை ஏறி, இது என் தேர்வு இல்ல, மன்னிச்சுடுங்கன்னு சொல்லிட்டு இறங்கிடப் போறேன்.

மனைவி: அப்படிச் சொல்லாதீங்க.

விமர்சகர்: ஏன் சொல்லக் கூடாது?

மனைவி: வேணாம்னா விடுங்களேன்.

விமர்சகர்: இரு இரு... அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை போடும்மா. வரி முடியற இடத்துல மூக்கால ஒரு இழுப்பு இழுக்கறான் பாரு. இந்த இழுப்பை நான் நேர்ல கேட்டிருக்கேன். யாரு இவன்?

மனைவி: என் தங்கச்சி பையன்.

விமர்சகர்: என்ன?

மனைவி: இப்போ கேட்டுச்சு இல்ல, அப்புறம் என்ன 'என்ன'? மூணு வருஷம் முன்னாடி அவன் முதல் ஆல்பம் போட்டப்ப, சகலை பையன்னுகூடப் பாக்காம, இவன்கிட்டேர்ந்து மைக்கை யாராவது காப்பாத்துங்கன்னு எழுதினீங்க. அன்னிலேர்ந்து என் தங்கச்சி என்கூடப் பேசல. போன் பண்ணா எடுக்க மாட்டா. இந்த ஆல்பம் வந்துச்சு. காக்கா படத்தைப் பாத்ததுமே அது அவ வரைஞ்சதுன்னு தெரிஞ்சுபோச்சு. பாட்டு நல்லா இருக்கா இல்லையான்னு எனக்கும் காது இருக்குங்க. ஆனா நீங்க எழுதினது வந்த அன்னிக்குக் காலையில அவளே கூப்பிட்டா. அக்கான்னா. அதுக்கு மேல பேச வரல, அழுதுட்டா. சாயங்காலம் முன் வரிசையில வந்து உக்காரப் போறா. போங்க, மேடை ஏறி என்ன சொல்லணுமோ சொல்லுங்க.

பரிசோதகர்: சார், மெஷினை இப்பவே போட்டுக்கிட்டுப் போறீங்களா?

விமர்சகர்: இல்லம்மா. நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கறேன்.